பாதை காத்தவர்கள்

1885ஆம் ஆண்டு தைப்பிங்கிற்கும் போர்ட் வெல்டுக்கும் இடையே மலாயாவின் முதல் இரயில் பாதை திறக்கப்பட்டது. இந்நாட்டில் இரயில் பாதைகள் போட்ட தமிழர்களைப் பற்றிப் பெருமையாகப் பேசுகிறோம். போட்ட பாதையை நாள்தோறும் பழுதுபார்த்த தமிழ்த் தொழிலாளர்களை அதிகம் நினைப்பதில்லை. அது வெறும் உடலுழைப்பு என்ற எண்ணமே காரணம் என்று நான் கருதுகிறேன். அவ்வேலையில் நுட்பம் நிறைய உண்டு.

இரயில் ஓட ஓட, சிலிப்பர் கட்டைகளுக்கு அடியிலுள்ள சல்லிக்கற்கள் நகர்ந்து பாதை ஆங்காங்கே தாழும். தொழிலாளர்கள் அவ்விடத்தில் தண்டவாளத்தை நெம்பித் தூக்கி, கட்டைக்கு அடியில் கல்லை இடித்துச் செறிப்பார்கள். கூழாங்கல் இதற்கு உதவாது, உருண்டுவிடும். உடைத்த கல்லின் கூர்முனைகளோ ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். அவற்றினூடே மழைநீரும் வடிய வேண்டும். நம் நாட்டு மழையில் சேறு புகுந்துவிட்டால் கல் பிடிப்பை இழந்துவிடும்.

வெயிலும் பகைதான். 12 மீட்டர் தண்டவாளம் 30 பாகை செல்சியஸ் கூடுதலாகச் சூடேறினால் ஏறக்குறைய 4 மில்லிமீட்டர் நீளும். அதற்காகவே பழைய பாதைகளில் இணைப்புகள்தோறும் இடைவெளி விட்டார்கள். (நாம் கேட்டு வளர்ந்த 'தடக் தடக்' ஓசை அங்கிருந்துதான் வந்தது!) இடைவெளி போதாவிட்டால் பாதை பக்கவாட்டில் நெளியும், இரயில் தடம்புரளும்.

இரு தண்டவாளங்களுக்கு இடையிலான 1 மீட்டரைச் சரிபார்க்க அளவுகோல் இருந்தது. பாதை நேராக இருக்கிறதா என்பதைப் பார்க்கக் கண்தான். மண்டோர் குனிந்து, தண்டவாளத்தின்மேல் கண்வைத்துத் தொலைவு வரை நோக்கிக் கையசைப்பார். மற்றவர்கள் கடப்பாரைகளை ஒருசேர ஊன்றி, அவர் கை நிற்கும் வரை நெம்புவார்கள்.