மேஜை மேல் கிடக்கும் ரகசியம்

புதுக்கோட்டையிலிருந்து குடுமியான்மலை அரை மணி நேர பஸ் தூரம். அங்கே குடைவரைக் கோயிலை ஒட்டிய பாறையில் சுமார் 1,300 வருஷத்துக்கு முந்தைய இசைக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. பல்லவ கிரந்த எழுத்து. ஒரே ஸ்வரத்தை ர, ரி, ரு, ரெ என்று விதவிதமாகப் பொறித்திருக்கிறார்கள். படித்துவிடலாம். எப்படிப் பாடுவது என்பதில்தான் அறிஞர்களுக்குள் இன்னும் அபிப்பிராய பேதம். எழுத்து வெட்டவெளியில், சாவியைத்தான் காணோம்!

இதையே வேண்டுமென்று செய்தால் அதன் பெயர் என்க்ரிப்ஷன்.

ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஹார்ட் டிஸ்க்கை இப்படிப் பூட்டிவிட்டு நிம்மதியாக டீ குடிக்கப் போகிறோம். நான் பி.காம். என்பதால் கணக்குப்பிள்ளை பாஷையில் சொல்கிறேன். டிஸ்க் என்பது பீரோ. ராம் மெமரி என்பது மேஜை. பேரேட்டைப் பீரோவில் பூட்டலாம். கணக்கு எழுத மேஜையில் விரித்துத்தானே ஆகவேண்டும்? கூடவே பீரோ சாவியும் மேஜை மேலேயே கிடக்கும்.

'கரண்ட் போனா ராம் எல்லாத்தையும் மறந்துடும் சார்' என்பார்கள். உடனே மறக்காது. 2008-ல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள், தூசு ஊதும் ஸ்பிரே டப்பாவைத் தலைகீழாகப் பிடித்து மெமரி சில்லின் மேல் அடித்தார்கள். சில்லு மைனஸ் 50 டிகிரிக்குக் குளிர்ந்தது. அதைக் கழற்றிய பிறகும் தகவல் சில நிமிஷங்கள் அழியாமல் இருந்தது. டிஸ்க்கின் சாவியை அதிலிருந்தே எடுத்துக் காட்டினார்கள்!

மருந்து, மேஜையையும் பூட்டுவது. 2016-ல் ஏஎம்டி கம்பெனி அறிவித்தது. இன்டெலும் இதேபோல் செய்தது. புராசஸரை விட்டு ராமுக்குப் போகும் ஒவ்வொரு எழுத்தும் குழம்பிப் போகும். திரும்பி வரும்போது தெளியும். சாவி புராசஸரை விட்டு வெளியே வராது.

கீழராஜ வீதியில் ஆடிட்டர் ஆபீஸில் இருக்கும் நண்பர், "நம்ம கணக்கெல்லாம் கிளவுடுலதானே இருக்கு, யாரு எடுக்கப்போறா?" என்றார்.

அண்ணே, மேகம் என்பது அடுத்தவர் கம்ப்யூட்டர். ஒரே கட்டடத்தில் பல குடித்தனம், வீட்டுக்காரரிடம் மாற்றுச் சாவி. புதிய முறையில் ஒவ்வொரு குடித்தனத்துக்கும் தனிச் சாவி. வீட்டுக்காரரே ராமை எட்டிப் பார்த்தாலும் கண்ணில் படுவது குப்பைதான்.

அப்புறம் பயமே இல்லையா? இருக்கிறது. 2024 டிசம்பரில் ஐரோப்பிய ஆராய்ச்சியாளர்கள், சுமார் பத்து டாலர் சாமானை வைத்து ராம் தன் கொள்ளளவைப் பொய் சொல்லும்படி செய்து, ஏஎம்டி புராசஸரையே ஏமாற்றினார்கள். மெஷினைத் தொட முடிந்தவருக்குத்தான் இது சாத்தியம். கம்பெனி ஓட்டையை அடைத்தது. அடுத்த ஓட்டையை இப்போதே யாராவது தேடிக்கொண்டிருப்பார்கள்.

ஆகவே இரண்டு காரியம் செய்யுங்கள். கிளவுட் விற்க வருகிறவரிடம், "டிஸ்க் இருக்கட்டும், ராமுக்குப் பூட்டு உண்டா? சாவி யாரிடம்?" என்று கேளுங்கள். பஸ்ஸில் லேப்டாப்பைக் கொண்டு போகும்போது தூங்க வைக்காதீர்கள், முழுசாக அணையுங்கள்.

போனில் கேட்பவனிடம் ஓடிபி சொல்லும் ஆசாமிக்கு மட்டும் எந்தக் கம்பெனியும் இன்னும் பூட்டு கண்டுபிடிக்கவில்லை.