தொட்டியில் தேயிலைக் குறுமரம்

(வானொலி உரை)



ஊட்டி, குன்னூர் போய்வருகிறவர்கள் ஆசையாய் ஒரு தேயிலைக் கன்றை வாங்கிவந்து கொல்லையில் நடுகிறார்கள். கொஞ்ச நாளில் இலை மஞ்சளாகி, செடி கருகிவிடுகிறது. "ஏனுங்க இப்படி? ஒரு மா நிலத்தில் போட்டால் காசு பார்க்கலாமா?" என்று கேட்கிறார்கள்.

வயலில் வேண்டாம், பணம் வீணாகும். தேயிலைக்குப் புளிப்பு மண் வேண்டும். கார அமில நிலை 4.5 முதல் 5.5 வரை இருக்க வேண்டும். நம் திருவாரூர்ப் பக்கத்துக் களிமண் அதற்கு ஏற்றதல்ல. நெல் தண்ணீரில் நிற்கும். தேயிலை வேர் நின்றால் அழுகிவிடும்.

ஆனால் தொட்டியில் குறுமரமாக வளர்க்கலாம். ஜப்பான்காரர்கள் 'போன்சாய்' என்பது இதைத்தான். தேயிலை பிறவியில் மரம். வெட்டாமல் விட்டால் 30 அடிக்கு மேலும் போகும். நீலகிரியிலும் வால்பாறையிலும் இடுப்பளவில் நிற்கிறதே, அது கவாத்துக் கத்தி செய்த வேலை.

ஓர் அடி ஆழமுள்ள மண்தொட்டி எடுங்கள். அடி ஓட்டையின் மேல் ஓட்டுச் சில்லு வையுங்கள். வல்லம் பக்கத்துச் செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கிய இலை ஒரு பங்கு கலந்து நிரப்புங்கள். சாம்பல், சுண்ணாம்பு கூடவே கூடாது. போர் தண்ணீர் உப்பாக இருந்தால் மழைத் தண்ணீரைப் பிடித்துவைத்து ஊற்றுங்கள். காலை வெயில் போதும். உச்சி வெயிலுக்கு நிழல் வேண்டும்.

செடி ஓர் அடி வளர்ந்ததும் நுனியைக் கிள்ளுங்கள். பக்கக் கிளை வெடிக்கும். தண்டு தடித்த பிறகுதான் கத்தி.

இங்கேதான் பலர் தவறுகிறார்கள். தோட்டங்களில் நாலைந்து வருஷத்துக்கு ஒருமுறை கவாத்து செய்வார்கள். அதற்கு முன் வேரை நறுக்கி அயோடின் தடவிப் பார்ப்பதுண்டு. கருநீலமானால் வேரில் மாவுச்சத்து இருக்கிறது என்று அர்த்தம். வெட்டிய செடிக்கு இலை கிடையாது. வேரில் சேர்த்த மாவைத் தின்றுதான் துளிர் விடும். பத்தாயத்தில் நெல் இருக்கிற வீடுதான் பஞ்சத்தைத் தாண்டும் இல்லையா? அதுபோலத்தான்.

ஆகவே இலை கரும்பச்சையாக, துளிரோடு இருந்தால் மட்டுமே வெட்டுங்கள். மஞ்சளாய் வாடிய செடியைத் தொடாதீர்கள். ஐப்பசி மழை பிடித்த பிறகு, மொட்டுக்குச் சற்று மேலே சாய்வாக வெட்டி, பெரிய வெட்டுவாயில் காப்பர் ஆக்ஸிகுளோரைடு பசை தடவுங்கள். இலையோடு இரண்டு கிளையை விட்டுவையுங்கள். செடிக்கு அதுதான் மூச்சு. இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை தொட்டி மாற்றி, வேரில் மூன்றில் ஒரு பங்கைக் கத்தரியுங்கள். ஆனால் வேர், கிளை இரண்டையும் ஒரே சமயத்தில் பலமாக வெட்டாதீர்கள்.

கொல்லையில் இருக்கிற கொய்யாவுக்கும் இதே கணக்குத்தான்: தெம்பு பார்த்து வெட்டுங்கள்.

1960-களில் ஏ.டி.டி. 27 நெல்லை வானொலி கேட்டுப் பயிரிட்டு, அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் வைத்தது நம் தஞ்சைச் சீமை. நெல்லை வயலில் போடச் சொன்ன அதே வானொலி, தேயிலையைத் தொட்டியோடு நிறுத்தச் சொல்கிறது.