தண்டனை பெற்றவர் வக்காலத்து போடலாமா?

1971 மே மாதம், உத்தரப் பிரதேசத்தின் பதாயுன். மதிய இடைவேளையில், நீதிமன்ற அறைக்குள்ளேயே ஒரு வழக்கறிஞர் தன் எதிராளியைக் கத்தியால் தாக்கினார். கொலை முயற்சி வழக்கில் மூன்றாண்டு கடுங்காவல். உயர் நீதிமன்றமும் உறுதி செய்தது. ஆளுநர் தண்டனையை நிறுத்திவைத்ததாக ஒரு கடிதம் வந்ததில் அவர் சிறைக்கு வெளியே இருந்தார். கடிதம் போலி என்று பின்னர் தெரிந்தது. இவ்வளவுக்குப் பிறகும் மாநில பார் கவுன்சில் விதித்தது மூன்றாண்டுத் தடை மட்டுமே. பதிவேட்டிலிருந்து அவர் பெயரை நீக்க, 1997இல் உச்ச நீதிமன்றம்தான் வர வேண்டியிருந்தது.

1961ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தில் இப்படி நடக்க இடமிருக்கிறது. ஒழுக்கக்கேடான குற்றத்திலோ தீண்டாமைக் குற்றத்திலோ தண்டிக்கப்பட்டவர் வழக்கறிஞராகப் பதிவு செய்ய முடியாது என்கிறது 24ஏ பிரிவு. விடுதலையாகி இரண்டு ஆண்டு கழிந்தால் அந்தத் தடையும் போய்விடும். ஆனால், பதிவு செய்து தொழில் நடத்துபவர் தண்டிக்கப்பட்டால் என்ன ஆகும் என்று அந்தப் பிரிவு சொல்லவில்லை. தீர்ப்பு வந்த கையோடு பெயர் நீங்குவதில்லை. 35ஆம் பிரிவின்கீழ் யாரேனும் புகார் தர வேண்டும், அல்லது பார் கவுன்சிலே முன்வர வேண்டும். விசாரிக்கும் ஒழுங்கு நடவடிக்கைக் குழுவின் மூவருமே வழக்கறிஞர்கள். கண்டிக்கலாம், சில காலம் தடுக்கலாம், பெயரை நீக்கலாம். அதன் மேல் இந்திய பார் கவுன்சில், பிறகு உச்ச நீதிமன்றம் என மேல்முறையீடுகள்.

இந்த ஓட்டையை உச்ச நீதிமன்றம் 2016இல் நேராகவே பேசியது. ஏட்டா மாவட்டத்தில் நீதிபதியை மிரட்டி, அவமதிப்பு வழக்கில் தண்டிக்கப்பட்ட வழக்கறிஞர் ஒருவரின் மேல்முறையீடு அது. நுழைய வருபவருக்கு உள்ள தடை உள்ளே இருப்பவருக்கும் பொருந்தும் என்று கொண்டு, அவரது பதிவை இரண்டு ஆண்டும், தொழில்முறைத் தவறுக்காக மேலும் ஐந்து ஆண்டும் நிறுத்திவைத்தது. சட்டத்தைத் திருத்துவது பற்றி ஆராயும்படி சட்ட ஆணையத்தையும் கேட்டது. ஆணையம் 2017இல் தன் 266ஆவது அறிக்கையைத் தந்தது.

சட்டமன்ற உறுப்பினருக்கு இரண்டாண்டு சிறை என்றால், உச்ச நீதிமன்றத்தின் 2013 தீர்ப்புக்குப் பிறகு பதவி உடனே போகிறது. வழக்கறிஞரை மட்டும் புகார்தாரர் துரத்திப் பிடிக்க வேண்டும் என்பது எந்த வகையில் நியாயம்? கீழ்க்கோர்ட் தீர்ப்பு மேலே ரத்தாகலாம் என்ற கவலை உண்மையானது. அதற்கு மேல்முறையீடு முடியும்வரை இடைநிறுத்தம் போதும். தண்டனை விதிக்கும் நீதிமன்றமே தீர்ப்பு நகலைப் பார் கவுன்சிலுக்கு அனுப்ப வேண்டும் என்று கட்டாயமாக்கலாம். நிலத் தகராறுக்காக ஊரிலிருந்து பஸ் ஏறி வந்து, நீட்டிய வக்காலத்தில் கைநாட்டு வைக்கும் பெண்மணிக்குத் தன் வக்கீலின் பின்னணியை விசாரித்தறிய வழி கிடையாது.