மருந்து முடிந்த பிறகு

எங்கள் சாச்சியின் கடைசிக் கதிர்வீச்சுச் சிகிச்சை முடிந்த அன்று வீட்டில் புரியாணி ஆக்கினோம். உம்மா இரண்டு ரக்அத் தொழுது அல்லாஹ்வுக்கு நன்றி செலுத்தினார். மாமிமார் எல்லோரும் வந்திருந்தார்கள். "இனி ஒண்டும் இல்ல சாச்சி, எல்லாம் முடிஞ்ச தானே" என்று நானும் சொன்னேன். சாச்சி சிரித்தார். விருந்தினர் போன பிறகு குசினியில் நான் கோப்பை கழுவிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்று மெதுவாகச் சொன்னார்: "உங்க எல்லாருக்கும் முடிஞ்ச. எனக்கு இப்பத்தான் மகள் பயமா ஈக்குது."

எனக்கு விளங்கவில்லை. நோய் இருக்கும்போது பயப்படலாம். குணமான பிறகு ஏன் பயம்? உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் எனக்கு இதற்குப் பதில் தெரியவில்லை. அந்தப் பதிலைத் தேடியதன் விளைவே இந்தக் கட்டுரை.

சிகிச்சை நடந்த மாதங்களில் சாச்சிக்கு யோசிக்கவே நேரம் இருக்கவில்லை. மார்பகத்தில் சத்திரசிகிச்சை, அதன்பின் கீமோ, அதன்பின் கதிர்வீச்சு. காலையில் பிளாஸ்கில் தேநீர் ஊற்றிக்கொண்டு தெஹிவளையில் 119ஆம் இலக்க பஸ் ஏறி மஹரகம அபேக்ஷா வைத்தியசாலைக்குப் போவார். கூட எப்போதும் ஒருவர் இருப்பார். கிளினிக் அட்டை, இரத்தப் பரிசோதனை, வரிசை, அடுத்த திகதி என்று நாட்கள் ஓடின. வீட்டுக்கு வந்தால் நலம் விசாரிக்க யாராவது காத்திருப்பார்கள். சிகிச்சை முடிந்ததும் இவை எல்லாம் ஒரே வாரத்தில் நின்றுவிட்டன. அந்த அமைதியில்தான் தனக்கு நடந்தது என்ன என்பதை மனம் முதன்முறையாகத் திரும்பிப் பார்க்கிறது.

இதை நன்றாக விளக்கியவர் ஃபிட்ஸ்ஹியூ முல்லன் என்ற அமெரிக்க வைத்தியர். 1975இல், 32 வயதில், தன்னுடைய நெஞ்சு எக்ஸ்ரே படத்திலேயே கட்டியைக் கண்டவர் அவர். பத்து வருடம் கழித்து, 1985இல், 'நியூ இங்கிலாந்து ஜேர்னல் ஒஃப் மெடிசின்' என்ற மருத்துவ இதழில் தன் அனுபவத்தை எழுதினார். புற்றுநோயிலிருந்து தப்பிப் பிழைப்பதை மூன்று பருவங்களாக அவர் பார்த்தார். முதலாவது, நோயைக் கண்டறிந்து சிகிச்சை பெறும் காலம். இரண்டாவது, சிகிச்சை முடிந்து, திரும்பவும் வருமோ என்ற பயத்தோடு வாழும் காலம். மூன்றாவது, அந்தப் பயம் தணிந்து வாழ்க்கை நிலைபெறும் காலம். மருத்துவம் முதற்பருவத்தோடு தன் வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறது என்பதே அவருடைய முறைப்பாடு. கடலில் மூழ்கியவரைப் பாடுபட்டுக் கரைசேர்த்துவிட்டு, அவர் இருமிக்கொண்டு கிடக்கும்போதே எல்லோரும் கலைந்து போவதற்கு அதை ஒப்பிட்டார். தெஹிவளைக் கடற்கரையில் வளர்ந்த எங்களுக்கு இதை அதிகம் விளக்கத் தேவையில்லை. அன்று புரியாணி சாப்பிட்டுவிட்டுக் கலைந்து போனவர்கள் நாங்கள்தான்.

இரண்டாம் பருவத்தின் பயத்துக்கு உடலும் ஒரு காரணம். கீமோ மருந்து வேகமாகப் பிரியும் கலங்களைத் தாக்குகிறது. புற்றுநோய்க் கலங்களைப் போல மயிர்க்கால், குடலின் உட்சுவர், என்பு மச்சை ஆகியவற்றின் கலங்களும் வேகமாகப் பிரிபவை என்பதால் அவையும் அடிபடுகின்றன. முடி சில மாதங்களில் முளைத்துவிடும். களைப்பும் மறதியும் அவ்வளவு சீக்கிரம் போவதில்லை. அக்குளில் நிணநீர் முடிச்சுகளை அகற்றியிருந்தால் அந்தப் பக்கத்துக் கை வீங்கலாம். ஓமோன் சார்ந்த மார்பகப் புற்றுநோய் என்றால் ஐந்து வருடமோ அதற்கு மேலோ தினமும் குளிசை எடுக்க வேண்டும். அதாவது, நோய் போய்விட்டது என்று சொல்லப்பட்டவர் தினமும் ஒருமுறை அந்த நோயை நினைக்கத்தான் வேண்டியிருக்கிறது. சாச்சிக்குச் சாதாரணத் தலையிடி வந்தாலும் முகம் மாறிவிடும். கிளினிக் திகதி நெருங்கினால் தூக்கம் வராது.

எங்கள் பெண்களுக்கு இன்னொன்றும் உண்டு. சாச்சியின் முடி முழுவதும் கொட்டியது வெளியில் ஒருவருக்கும் தெரியாது. பர்தா மறைத்துவிட்டது. அது அவருக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது உண்மை. ஆனால் வெளியில் எதுவும் தெரியாததால் எதுவும் நடக்கவில்லை என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். அறைக்குள் கண்ணாடியின் முன்னால் அவர் தனியாகவே நின்றார்.

அடுத்ததைப் பெற்றோர்கள் வாசிக்க வேண்டும் என்றே எழுதுகிறேன். நலம் விசாரிக்க வந்த ஒருவர், சாச்சிக்குக் கேட்கும்படியாகவே, "இத வெளிய சொல்லாதீங்க, நாளைக்கு மகளுக்கு மாப்பிள்ளை பாக்கணும்" என்றார். அன்றிலிருந்து பல மாதங்கள் சாச்சி ஒரு கல்யாண வீட்டுக்கும் போகவில்லை. மார்பகப் புற்றுநோயில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வரையானவையே பரம்பரையாக வரும் மரபணு மாற்றத்தால் ஏற்படுகின்றன. இது தொற்றும் நோயும் அல்ல. இலங்கைப் பெண்களிடையே அதிகம் காணப்படும் புற்றுநோய் இதுதான். ஆகவே இதை மறைக்கும் வீடுகளும் நம்மைச் சுற்றி நிறைய இருக்கும். 1996 முதல் நம் நாட்டில் சுகவனிதையர் கிளினிக்குகள் இலவசமாக நடக்கின்றன. 35 வயதிலும் 45 வயதிலும் போகச் சொல்கிறார்கள். உங்கள் உம்மா போயிருக்கிறாரா என்று இன்று கேட்டுப் பாருங்கள். நான் கேட்டேன். என் உம்மாவும் போயிருக்கவில்லை.

வந்தவர்களில் பலர் சொன்ன இன்னொரு சொல் 'ஸப்ர்'. நல்ல நோக்கத்தோடுதான் சொன்னார்கள். ஆனால் சாச்சி வாய் திறக்கும்போதெல்லாம் "ஸப்ர் செய்யுங்க" என்று சொன்னால், பேசாதே என்பது போலத்தான் ஒலிக்கிறது. அழகிய பொறுமைக்குப் பெயர்பெற்ற யஃகூப் நபி (அலை), மகனை நினைத்து அழுதே கண்கள் வெளுத்துப்போனவர். அய்யூப் நபி (அலை) தன் துன்பத்தை வாய்விட்டு அல்லாஹ்விடம் முறையிட்டார். நம் நபி (ஸல்) அவர்களும் குழந்தை இப்ராஹீம் இறந்தபோது கண்ணீர் விட்டார்கள். அழுவது பொறுமைக்கு எதிரானது என்று நமக்கு யார் சொல்லித் தந்தார்களோ தெரியவில்லை.

நோயை மறைக்காமல் பேசியதாலேயே எழுந்து நின்றவர்கள் இருக்கிறார்கள். நடிகை கௌதமி 35 வயதில் மார்பகப் புற்றுநோய்க்கு ஆளானார். சிகிச்சைக்குப் பிறகு அதைப் பற்றி மேடைகளில் வெளிப்படையாகப் பேசினார், 'லைஃப் அகெய்ன்' என்ற அமைப்பைத் தொடங்கினார், 2015இல் 'பாபநாசம்' மூலம் மீண்டும் நடிக்க வந்தார். எங்கள் கொழும்பிலும் ஓர் உதாரணம் உண்டு. தன் மகனைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த எம்.எஸ்.எச். முஹம்மத் என்ற தந்தை, கதீஜா பவுண்டேஷன் மூலம் 2016இல் மஹரகம வைத்தியசாலைக்கு 'பெட்' ஸ்கேன் இயந்திரம் வாங்க நிதி திரட்டினார். 20 கோடி ரூபாய்க்கு மேல் சேர்ந்தது. எல்லா இனத்தவரும் கொடுத்தார்கள். புற்றுநோய்க் கலங்கள் குளுக்கோஸை அதிகமாக உறிஞ்சும். கதிரியக்கம் ஏற்றிய குளுக்கோஸை உடலில் செலுத்தி, அது எங்கே சேர்கிறது என்று பார்க்கும் இயந்திரம் அது. மகனை அந்தத் தந்தைக்குத் திருப்பித் தர எதனாலும் முடியாது. ஆனாலும் இன்னொருவரின் பிள்ளைக்காக ஓடிய அந்த ஓட்டம் அவரையும் தாங்கியிருக்கும் என்று நான் நினைக்கிறேன்.

எல்லோராலும் அவ்வளவு பெரிய காரியம் செய்ய முடியாது. சாச்சிக்கு நடந்தது மிகச் சிறியது. நோய்க்கு முன் அவர் வீட்டில் பாடசாலைச் சீருடை தைப்பவர். தையல் மெஷின் எட்டு மாதமாகத் துணியால் மூடிக் கிடந்தது. ஒரு ஞாயிறு இரவு என் சீருடையின் கீழ் மடிப்பு அவிழ்ந்திருந்ததைக் கண்டு, யோசிக்காமல் சாச்சியிடம் நீட்டிவிட்டேன். "அவவ ஏன் கஷ்டப்படுத்துற?" என்று உம்மா ஏசினார். சாச்சி வாங்கிக்கொண்டார். பத்து நிமிட வேலைக்கு முக்கால் மணித்தியாலம் எடுத்தது. இடையில் இரண்டு தடவை கையை நீட்டி ஓய்வெடுத்தார். முடித்துவிட்டு, "நூல் நல்லதில்ல, நாளைக்கு வேற வாங்கி வாங்க" என்றார். பல மாதங்களுக்குப் பிறகு சாச்சி நாளையைப் பற்றிப் பேசியது அப்போதுதான்.

பாசத்தினால் நாங்கள் அவருடைய எல்லா வேலைகளையும் பறித்திருந்தோம். பறிக்கப் பறிக்க அவர் நோயாளியாகவே இருந்தார். புற்றுநோய்க்குப் பின் வரும் களைப்புக்கு முழு ஓய்வை விட, மெதுவாகக் கூட்டிக்கொண்டு போகும் நடையும் இலேசான வேலையுமே நல்லது என்று வைத்தியர்களும் சொல்கிறார்கள். இப்போது ஸுபஹுக்குப் பிறகு சாச்சியும் பக்கத்து வீட்டு ராத்தாவும் கடற்கரைப் பக்கம் நடக்கிறார்கள். ராத்தா ஆலோசனை சொல்வதில்லை, கேட்டுக்கொண்டு மட்டும் வருவார் என்பதால்தான் அவரைப் பிடிக்கும் என்கிறார் சாச்சி. எல்லாப் பாரத்தையும் வீட்டுக்குள்ளேயே இறக்க முடியாது. மனம் மிகவும் தாழ்ந்துபோனால் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு அழைக்கலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பயம் போய்விட்டது என்று நான் சொல்லவில்லை. வருகிற செவ்வாய்க்கிழமை மீண்டும் கிளினிக். இரண்டு நாளாகச் சாச்சி சரியாகத் தூங்கவில்லை. இம்முறை நானும் கூடப் போகிறேன். "ஒண்டும் இருக்காது" என்று சொல்லாமல் இருக்கப் பழகிக்கொண்டிருக்கிறேன். மேசையில் மூன்று பிள்ளைகளின் சீருடைத் துணி வெட்டியபடி கிடக்கிறது. டொக்டர் என்ன சொன்னாலும் வெள்ளிக்கிழமைக்கு முந்தி அதைக் கொடுத்தாக வேண்டுமாம்.