உளுந்துக்கு நடுவே முளைத்த மக்காச்சோளம்

போன வருசம் மக்காச்சோளம் போட்ட கொல்லையில் இந்த வருசம் உளுந்து விதைத்தேன். பதினைந்தாம் நாள் போய்ப் பார்த்தால், உளுந்துக்கு நடுவே அங்கங்கே மக்காச்சோளம் தலை நீட்டுது. அறுவடையில் சிதறிய மணிகள். பிடுங்கி மாட்டுக்குப் போட்டேன். அது பாட்டுக்குத் தின்றது.

அந்த மணிக்குள் மருந்து இருந்திருந்தால்?

இது கற்பனை இல்லைங்க. அமெரிக்காவில் புரோடிஜீன் என்ற நிறுவனம், பன்றிகளுக்கு வரும் கழிச்சல் நோய்க்கான தடுப்பு மருந்தை மக்காச்சோளத்திலேயே விளைவிக்க, மரபணுவை மாற்றித் திறந்த வயலில் சோதனை செய்தது. 2001-ல் நெப்ராஸ்கா மாநிலத்தில் பயிரிட்டார்கள். அடுத்த வருசம் அதே நிலத்தில் சோயா. சிதறிய மணி முளைத்தது, முழுசாகப் பிடுங்கவில்லை. சோயாவோடு சேர்ந்து அதுவும் கிடங்குக்குப் போய், அங்கிருந்த 5 லட்சம் புஷல், நம் கணக்கில் சுமார் 13,600 டன் சோயாவோடு கலந்துவிட்டது. அத்தனையும் அழிக்க வேண்டியதாயிற்று. அயோவா மாநிலத்தில், மகரந்தம் பரவியிருக்குமோ என்று 155 ஏக்கர் மக்காச்சோளத்தை எரித்தார்கள். நிறுவனத்துக்கு அபராதம் 2.5 லட்சம் டாலர்; அழிப்புச் செலவு தனி.

தொழிற்சாலைப் பயிரிலும் இதே சிக்கல்தான். 2011-ல் அமெரிக்கா அனுமதித்த ஒரு மக்காச்சோளம், மாவுச்சத்தைக் கரைக்கும் நொதியைத் தன் மணியிலேயே வைத்திருக்கிறது. எத்தனால் ஆலைக்கு லாபம். ஆனால் உணவுச் சோளத்தோடு கலந்தால் மாவே கெட்டுவிடும் என்று அங்குள்ள மாவு ஆலைக்காரர்களே எதிர்த்தார்கள்.

அப்போ இந்த நுட்பமே வேண்டாமா? என் அம்மா தினமும் போடுகிற இன்சுலின், மரபணு மாற்றிய நுண்ணுயிர் தருவதுதான். அரிய பரம்பரை நோய் ஒன்றுக்கு, கேரட் செல்லில் தயாராகும் மருந்தை 2012-ல் அமெரிக்கா அனுமதித்தது. உயிர் காக்கும் மருந்தை வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் இவை இரண்டும் மூடிய கலனுக்குள் வளர்பவை. அங்கே காற்று மகரந்தத்தைக் கொண்டுபோகாது, மணி சிதறாது.

ஆகவே நாளைக்கு யாராவது "மருந்துப் பயிர் போடுங்க, நல்ல விலை" என்று வந்தால் மூன்று கேள்வி கேளுங்கள். அது நாம் சாப்பிடும் பயிரா? திறந்த வயலிலா? பக்கத்துக் காட்டில் கலந்தால் நட்டம் யார் தலையில்?

என் கொல்லையில் முளைத்ததைப் பிடுங்க எனக்கு மூன்று நாள் ஆச்சு. அப்படியும் உளுந்து பறிக்கப் போனபோது, வரப்போரம் இரண்டு செடி கதிர் விட்டு நின்றது.