ஊதச் சொன்னால் ஊதுங்கள், பிறகு சீட்டைக் கேளுங்கள்

உத்திரமேரூரிலிருந்து வந்தவாசிக்குப் போனாலும் செங்கல்பட்டுக்குப் போனாலும் இரவில் கல்குவாரி டிப்பர்களும் ஒரகடத்தில் ஷிப்ட் முடித்தவர்களின் பைக்குகளும்தான் சாலையை நிறைக்கின்றன. நடுவில் போலீஸ் தடுப்பு. வண்டியை ஓரங்கட்டி, 'ஊது' என்கிறார்கள். கருவியில் 42 என்று எண் வந்தால் வழக்குதான். 100 மி.லி. ரத்தத்தில் 30 மி.கி. ஆல்கஹாலைத் தாண்டினால் மோட்டார் வாகனச் சட்டம் 185-வது பிரிவின்படி குற்றம். முதல் முறை 6 மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். மறுமுறை 2 ஆண்டு வரை சிறை அல்லது 15,000 ரூபாய், அல்லது இரண்டும். இதை விதிப்பது நீதிமன்றம். சாலையோரத்தில் ரொக்கமாக யார் கேட்டாலும் கொடுக்க வேண்டாம்.

அந்தக் கருவி ரத்தத்தைப் பார்ப்பதில்லை. மூச்சை அளந்து, ரத்தத்தில் எவ்வளவு இருக்கும் என்று கணக்குப் போடுகிறது. 2,100 மி.லி. மூச்சில் உள்ள ஆல்கஹால் 1 மி.லி. ரத்தத்தில் உள்ளதற்குச் சமம் என்பது கணக்கு. நுரையீரலின் ஆழத்திலிருந்து வரும் காற்றுக்குத்தான் இது பொருந்தும். சற்றுமுன் குடித்த இருமல் மருந்தோ வாய் கொப்பளித்த திரவமோ வாயில் தங்கியிருந்தால் எண் பொய்யாக ஏறும். 15 நிமிடம் எதுவும் சாப்பிடாமல் இருந்து மறுபடி ஊதினால் அது இறங்கிவிடும். உண்மையில் குடித்தவருக்கு இறங்காது. 2025-ல் கேரளத்தின் பந்தளம் டிப்போவில் அரசு பஸ் ஓட்டுநர்கள் பணிக்கு முந்தைய சோதனையில் சிக்கினார்கள். விசாரித்தபோது, காரணம் நன்றாகப் பழுத்த பலாப்பழம் என்று தெரிந்தது.

பலாப்பழத்தைவிடக் கவலை தருவது பராமரிப்பு. ஊதுவதற்கு முன் வெறும் காற்றைச் சோதித்து கருவி பூஜ்யம் காட்ட வேண்டும். அப்படிக் காட்டாத கருவியின் எண்ணை நம்ப முடியாது என்று சொல்லி கேரள உயர் நீதிமன்றம் 2025-ல் ஒருவர் மீதான 185-வது பிரிவுக் குற்றச்சாட்டையே ரத்து செய்தது. அமெரிக்காவின் நியூஜெர்சியில் கருவிகளைச் சரிபார்க்கும் பொறுப்பிலிருந்த போலீஸ் அதிகாரி ஒருவர், வெப்பமானி வைத்துப் பார்க்க வேண்டிய ஒரு படியைத் தவிர்த்தார் என்று குற்றச்சாட்டு எழுந்தது. 20,667 பேரின் சோதனை முடிவுகள் சந்தேகத்துக்கு உள்ளாகி, 2018-ல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் அவற்றைச் சான்றாக ஏற்க மறுத்தது. சோதிப்பவரைச் சோதிப்பது நமக்குப் புதிதல்ல. பராந்தகச் சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு பேசும் வாரியங்களில் பொன்னின் தரத்தைச் சோதிக்கும் பொன் வாரியமும் ஒன்று. பதவியிலிருந்து கணக்குக் காட்டாதவர் பெயர் மீண்டும் குடவோலையில் ஏறக்கூடாது என்றும் அதே கல்வெட்டு சொல்கிறது.

சரி, தடுப்பில் நிற்கிறீர்கள். என்ன செய்வது? ஊத மறுக்காதீர்கள். குடித்திருப்பதாகச் சந்தேகிக்கக் காரணம் இருந்தால், மறுப்பவரைக் கைது செய்யச் சட்டம் இடம் தருகிறது, 205-வது பிரிவின்படி அந்த மறுப்பு உங்களுக்கு எதிராகவும் பேசும். புது மவுத்பீஸ் கேளுங்கள், திரையில் பூஜ்யம் வருகிறதா என்று பாருங்கள், நேரமும் கருவி எண்ணும் அச்சான சீட்டைக் கேளுங்கள். கைது செய்தால் காவல் நிலையத்தில் இன்னொரு முறை ஊத வாய்ப்புத் தர வேண்டும் என்கிறது 203-வது பிரிவு. பலருக்கும் தெரியாதது 202-வது பிரிவு: கைதான 2 மணி நேரத்துக்குள் மருத்துவப் பரிசோதனை நடக்க வேண்டும், இல்லையேல் விடுவிக்க வேண்டும். ரத்தம் எடுக்கச் சொல்வதைச் சட்டம் போலீஸாரின் அதிகாரமாகத்தான் எழுதியிருக்கிறது. ஆனாலும் எண் தவறு என்று நினைத்தால் நீங்களே கேளுங்கள். அதுவும் உடனே. 100 மி.லி. ரத்தத்திலிருந்து மணிக்குச் சுமார் 15 மி.கி. ஆல்கஹால் கரைந்துபோகும், காலையில் எடுத்த ரத்தம் இரவைப் பற்றிச் சரியாகச் சொல்லாது.

எடுத்த ரத்தம் தடய அறிவியல் துறைக்குப் போகும். 1849-ல் மெட்ராஸில் தொடங்கிய ரசாயனப் பரிசோதகர் ஆய்வகத்தின் வழிவந்த துறை அது. ஊசி குத்துமுன் ஸ்பிரிட் தடவியிருக்கக் கூடாது. ரத்தம் புளித்துத் தானே ஆல்கஹால் உண்டாகாதபடி குப்பியில் சோடியம் ஃபுளோரைடு இருக்க வேண்டும். சீல் உடையாமல் வர வேண்டும். ஆய்வக மேற்பார்வையாளர் முதலில் பார்க்க வேண்டியதும் இவற்றைத்தான்: சீல், பதிவேடு, அளவு தெரிந்த மாதிரியைக் கருவி சரியாகப் படிக்கிறதா என்பது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் ஒரு ஆய்வாளர் போதைப்பொருள் மாதிரிகளைச் சோதிக்காமலேயே முடிவு எழுதியதை மேலிருந்தவர்கள் ஆண்டுக்கணக்கில் கவனிக்கவில்லை. 2017-ல் 21,000-க்கும் அதிகமான வழக்குகள் தள்ளுபடியாயின.

கஞ்சா வழக்கில் இந்தக் கவனம் இன்னும் கூடுதலாக வேண்டும், ஏனெனில் அங்கே தண்டனை பெரிது. 20 கிலோவைத் தாண்டினால் குறைந்தது 10 ஆண்டு. பூவோ காயோ உள்ள நுனிப்பகுதிதான் சட்டப்படி கஞ்சா. நுனி இல்லாத வெறும் இலையும் விதையும் அதில் சேராது, ஆகவே எடையில் எதைச் சேர்த்தார்கள் என்பதே வழக்கின் உயிர். உடம்பைச் சோதிக்குமுன், மாஜிஸ்திரேட் அல்லது கெஸட்டட் அதிகாரி முன் சோதிக்கக் கேட்கும் உரிமை உண்டு என்று சொல்ல வேண்டும். மாதிரியை மாஜிஸ்திரேட் முன்னிலையில்தான் எடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் மோகன்லால் வழக்கில் 2016-ல் சொன்னது. ஆய்வக முடிவு தவறு என்றால் அறிக்கை கிடைத்த 15 நாளுக்குள் மறுபரிசோதனை கேட்க வேண்டும். அதுவும் தக்க காரணம் காட்டினால்தான் கிடைக்கும்.

குடித்துவிட்டு ஓட்டியவருக்கு வக்காலத்து வாங்க இதை எழுதவில்லை. சோதனையிலிருந்து நழுவினால் தப்பலாம் என்பதும் தப்புக்கணக்கு. மூச்சு, ரத்தச் சோதனை இல்லாவிட்டாலும் குடித்திருந்ததைச் சூழ்நிலையிலிருந்தே நிரூபித்து, சேதமான வண்டிக்கான இன்ஷூரன்ஸை மறுக்கலாம் என்று 2021-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

வழக்கு கோர்ட்டுக்குப் போனால் குற்றப்பத்திரிகையோடு ஆய்வக அறிக்கை நகலும் இலவசமாக வர வேண்டும். ஆய்வாளர் நேரில் வராமலேயே அந்த அறிக்கை சான்றாகிவிடும். சந்தேகம் இருந்தால் அவரை அழைக்க வக்கீல் மனுப்போட வேண்டும். கருவி கடைசியாக எப்போது சரிபார்க்கப்பட்டது என்பதை, 10 ரூபாய்க்கு நீதிமன்ற வில்லை ஒட்டி, தகவல் உரிமைச் சட்டப்படி மாவட்டக் காவல் அலுவலகத்தில் கேட்கலாம். வக்கீலுக்குப் பணமில்லை என்றால் 15100 என்ற சட்ட உதவி எண்ணை அழையுங்கள். காவலில் இருப்பவர், பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடியினர், தொழிற்சாலைத் தொழிலாளர் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு.