பிழை பிள்ளையின் காதில் இல்லை: மலிவு விலை யூகலேலே ஒன்றைத் திருத்திய அனுபவம்

கடந்த ஆண்டு என் பெறாமகளின் பத்தாவது பிறந்தநாளுக்கு ஒரு யூகலேலே வாங்கிக் கொடுத்தேன். கிற்றாரைப் போலவே இருக்கும், ஆனால் கைக்குழந்தை அளவுதான். நைலோன் தந்திகள் நான்கு. இணையத்தில் ஓடர் செய்தபோது எட்டாயிரம் ரூபாவுக்குள் முடிந்தது. மூன்று வாரம் கழித்துக் கிளிநொச்சிக்குப் போனேன். யூகலேலே உறையோடு அலுமாரிக்கு மேல் கிடந்தது.

"எனக்குச் சுருதி விளங்காது சித்தி. அப்பான்ர காது மாதிரித்தான் என்ர காதும்" என்றாள்.

அத்தானுக்கு 2009இல் ஷெல் வெடித்ததில் இடது காது கேட்காமல் போனது. அது பிள்ளைக்கு வரக்கூடிய ஒன்றல்ல. ஆனால் வீடியோவைப் பார்த்து அதேபோல விரல் வைத்தும் சத்தம் புளித்துப்போய் வந்தால், பத்து வயதுப் பிள்ளை வேறு எதைத்தான் காரணமாக நினைப்பாள்?

கருவியை இறக்கி, கைப்பேசியில் இலவச ரியூனர் செயலி ஒன்றைத் திறந்து, ஒவ்வொரு தந்தியாகப் பார்த்தேன். அவளுடைய காது சரியாகத்தான் கேட்டிருக்கிறது. பிழை கருவியில் இருந்தது.

மலிவான கருவியில் குறைவது என்ன?

1879இல் மதீரா தீவிலிருந்து ஹவாய்க்கு வந்த போர்த்துக்கேயத் தச்சர்கள் தங்கள் ஊர்ச் சிறு கிற்றாரைத் தழுவிச் செய்தது தான் யூகலேலே. ஆரம்பத்திலிருந்தே எளிய கருவி. அதனால் விலை குறைந்தது எல்லாம் கெட்டது என்றில்லை. தொழிற்சாலையில் இயந்திரம் மரத்தை வெட்டி ஒட்டிவிடும். கடைசியில் ஒருவர் கையில் எடுத்து, தந்தி உயரத்தைப் பார்த்து, கூர் முனைகளை அராவி, வாசித்துச் சரிபார்க்க வேண்டும். மலிவான கருவிகளில் பெரும்பாலும் விடுபடுவது இந்த வேலைதான். விடுபட்டதை நாமே செய்துகொள்ளலாம்.

ஆனால் சிலவற்றைத் திருத்த வெளிக்கிடக்கூடாது. உடலில் வெடிப்பு, கீழே தந்தி கட்டியிருக்கும் குதிரை மரத்தைவிட்டுக் கிளம்புவது, கழுத்து வளைந்திருப்பது போன்றவற்றைக் கண்டால் உடனே படம் எடுத்து, திருப்பி அனுப்பும் காலம் முடிவதற்குள் அனுப்பிவிடுங்கள். இன்னொரு சோதனையும் உண்டு. பன்னிரண்டாவது மெட்டில் அழுத்தி மீட்டினால், வெறும் தந்தியின் அதே சுரம் ஒரு ஸ்தாயி மேலே கேட்க வேண்டும். கீழ் மெட்டுகள் சரியாக இருந்தும் இது மட்டும் நன்றாக விலகினால், தந்தி பழுதாக இருக்கலாம், அல்லது குதிரை இடம் மாறி ஒட்டப்பட்டிருக்கலாம். இரண்டாவதை வீட்டில் திருத்த முடியாது.

சுருதி நிற்காமல் இறங்குவது

முதல் கிழமையில் எல்லோரும் பயப்படுவது இதற்குத்தான். புது நைலோன் தந்தி இழுபட்டுக்கொண்டே இருக்கும். இது குறையே அல்ல. ஒவ்வொரு தந்தியையும் நடுவில் பிடித்து மெதுவாக மேலே இழுத்துவிட்டு, மறுபடி சுருதி சேருங்கள். சில நாட்கள் திரும்பத் திரும்பச் செய்தால் நின்றுவிடும்.

அதன் பிறகும் இறங்கினால் இரண்டு இடங்களைப் பாருங்கள். குதிரையில் தந்தியின் முடிச்சு வழுக்கலாம். அல்லது, வீணையில் பிரடை என்கிறோமே, அந்தச் சுருதித் திருகு தளர்ந்திருக்கலாம். திருகின் பிடியில் சிறிய ஆணி ஒன்று இருந்தால், அதை ஸ்குரூட்ரைவரால் சற்று இறுக்கினால் போதும்.

நான்கு தந்திகளும் ஜி, சி, ஈ, ஏ என்று நிற்க வேண்டும். வழக்கமான முறையில் முதலாவதான ஜி, அடுத்த சியை விட உயர்ந்த சுருதியில் இருக்கும். கிற்றார் பழகியவர்கள் இதைப் பிழை என்று நினைத்து இறக்கிவிடுவதுண்டு. இறக்க வேண்டாம்.

வெறும் தந்தி சரி, அழுத்தினால் பிழை

என் பெறாமகளைத் தோற்கடித்தது இதுதான். அவள் பழகிய முதல் கோட் சி. அதற்கு ஏ தந்தியின் மூன்றாவது மெட்டில் ஒரு விரல் வைத்தால் போதும். அது ஓரளவு நன்றாகவே கேட்டது. அடுத்த கோட் எஃப். அதற்கு ஈ தந்தியை முதல் மெட்டில் அழுத்த வேண்டும். அங்கேதான் புளித்தது. ரியூனரின் முள் எஃப்பைத் தாண்டி வலப்பக்கம் நன்றாக விலகி நின்றது.

கழுத்தின் உச்சியில், தந்திகள் பள்ளங்களில் படுத்திருக்கும் சிறிய பட்டி ஒன்று உண்டு. அதை நட் என்பார்கள். பள்ளம் ஆழமாக வெட்டப்படாவிட்டால் தந்தி உயரமாக நிற்கும். முதல் மெட்டில் அழுத்தும்போது அதைக் கூடுதலாகக் கீழே இழுக்க வேண்டிவரும். இழுபட்ட தந்தி சுருதி ஏறும். யூகலேலேயின் தந்தி குட்டையானது என்பதால் சிறிய இழுவையும் காதுக்குத் தெரியும். விரலும் நோகும்.

சோதிப்பது எளிது. தந்தியை மூன்றாவது மெட்டில் அழுத்திக்கொண்டு, முதல் மெட்டுக்கும் தந்திக்கும் இடையே பாருங்கள். ஒரு கடதாசித் தாள் அளவு இடைவெளி போதும். எங்களுடையதில் வங்கி அட்டையே நுழைந்தது.

அதை யாழ்ப்பாணத்தில் கிற்றார் திருத்தும் ஒருவரிடம் கொண்டுபோனேன். மெல்லிய அரம் ஒன்றால் பள்ளத்தை இரண்டு மூன்று தடவை அராவுவார், தந்தியைப் போட்டுப் பார்ப்பார், மறுபடி அராவுவார். அரை மணித்தியாலம்கூடப் பிடிக்கவில்லை. நீங்களே செய்வதானால், பள்ளம் திருகுகளின் பக்கமாகச் சரிந்து இறங்க வேண்டும். ஆழம் கூடிவிட்டால் வெறும் தந்தி மெட்டில் பட்டு இரையும். அப்படி நடந்தால் பள்ளத்தில் சிறிது அப்பச்சோடாவை வைத்து ஒரு துளி சுப்பர் குளூ விட்டால் கல்லாக இறுகும். ஆறியபின் திரும்ப அராவலாம். புகை வரும், முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் மெட்டுகள் சரியாக வந்த பிறகும் மேல் மெட்டுகளில் தந்தி உயரமாக நின்றால், குதிரையில் செருகியிருக்கும் வெள்ளைப் பட்டியைக் கழற்றி, அதன் அடிப்பக்கத்தை அரத்தாளில் உரஞ்சுங்கள். பன்னிரண்டாவது மெட்டில் அரை மில்லிமீற்றர் இறங்க, பட்டியில் ஒரு மில்லிமீற்றர் குறைய வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் உரஞ்ச வேண்டும்.

கரகரப்பு

திருத்திக் கொண்டுவந்த பிறகும் சி தந்தியை மீட்டினால் எங்கோ கரகரத்தது. எனக்கு இடம் பிடிபடவில்லை. அத்தான் பக்கத்தில் வந்து இருந்தார். "நீ அடி, நான் பாக்கிறன்" என்றார். நான் மீட்ட, அவர் விரல் நுனியால் ஒவ்வொரு பகுதியாகத் தொட்டுக்கொண்டு போனார். ஒரு திருகைத் தொட்டதும் கரகரப்பு நின்றது. அதன் வளையம் தளர்ந்திருந்தது. காதைவிட விரல் வேகமாகக் கண்டுபிடிக்கும் பழுது அது.

குதிரையில் கட்டிய தந்தியின் வால் பலகையில் உரசினாலும் இதே சத்தம் வரும், வெட்டிவிடுங்கள். குறிப்பிட்ட ஒரு மெட்டில் மட்டும் இரைந்தால், அடுத்துள்ள மெட்டு உயர்ந்திருக்கலாம். வங்கி அட்டையின் விளிம்பை மூன்று மெட்டுகள் மேல் வைத்துப் பாருங்கள். ஊஞ்சல் போல ஆடினால் நடுவில் உள்ளதுதான் உயரம். அதைத் திருத்துபவரிடம் விடுவது நல்லது. மெட்டுகளின் முனை கையைக் கீறினால், சுற்றியுள்ள மரத்துக்கு ரேப் ஒட்டிவிட்டு நுண்ணிய அரத்தால் மழுக்கலாம்.

கொடுத்ததைக் குறை சொல்லலாம்

முகாமில் தந்த சப்பாத்து காலைக் கடித்தாலும் நாங்கள் பேசாமல் போட்டோம். கிடைத்ததே பெரிது என்று சொல்லி வளர்த்தார்கள். அந்தப் பழக்கம் பிள்ளைகளிடமும் இறங்கியிருக்கிறது. பரிசாகவோ நன்கொடையாகவோ வந்த கருவியில் பிழை இருக்கலாம் என்று அவர்கள் நினைப்பதில்லை. தங்களில்தான் பிழை என்று எடுத்துக்கொள்கிறார்கள். வெளிநாட்டு உறவுகளோ அமைப்புகளோ பாடசாலைக்கோ வீட்டுக்கோ கருவி தந்தால், பிள்ளையின் கையில் கொடுக்கமுன் பெரியவர் ஒருவர் ரியூனரோடு பத்து நிமிடம் இருந்து, முதல் மூன்று மெட்டுகளையாவது பார்த்துவிடுங்கள்.

பெறாமகள் இப்போது எஃப் கோட்டைத் தடுமாறித் தடுமாறிப் பிடிக்கிறாள். அந்தத் தடுமாற்றம் பழகப் போய்விடும். கருவி இப்போது அலுமாரிக்கு மேல் இல்லை, அவளுடைய மேசையில் இருக்கிறது.